வராந்தாவில் சொன்ன சொல்

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு உடற்கூறியலில் எம்.டி. சேர்ந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. பிணத்தை அறுக்கிற படிப்பு என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மகள் டாக்டராகியும் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது ஏன் என்பதை அவரால் கூட வேலை செய்கிறவர்களுக்கு விளக்க முடியவில்லை. எனக்கு மைக்ராஸ்கோப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் வருடம் படிக்கும்போதே அதன் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் மறந்துபோகும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆணின் விரையில் விந்தணு படிப்படியாக உருவாகிறது. ஒரு செல் பிரிந்து, பிரிந்து, உருவம் மாறி, கடைசியில் வால் முளைத்து நீந்தப் புறப்படும். குழந்தை இல்லாத சில ஆண்களில் இந்த வளர்ச்சி ஏதோ ஒரு படியில் நின்றுவிடுகிறது. எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. அதற்கு விரையிலிருந்து எடுத்த சின்னஞ்சிறு சதைத்துண்டுகள் தேவை. அவற்றைத் தர ஆட்கள் தேவை. ஆகவே செவ்வாயும் வெள்ளியும் நான் எங்கள் கல்லூரி மருத்துவமனையில் குழந்தையின்மைக்கான வெளிநோயாளிப் பிரிவில் போய் உட்காருவேன்.

அங்கே வரும் பெண்களின் மடியில் தடித்த ஃபைல் இருக்கும். பல வருட ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, கருப்பையைச் சுரண்டிப் பார்த்த ரிப்போர்ட், எல்லாம் அடுக்கி நூலால் கட்டியிருப்பார்கள். கணவன்மார் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் பெயரில் ஒரு காகிதம்கூட இருக்காது. விந்துப் பரிசோதனை என்றாலே பாதிப் பேர் அடுத்த முறை வரமாட்டார்கள். வருகிறவர்களுக்கும் நாங்கள் கொடுத்தது ஒரு சின்ன பாட்டிலும் வராந்தாக் கோடியில் இருந்த கழிப்பறையும்தான். தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு அது. அதைப் பற்றி அப்போது நான் யோசித்ததில்லை.

அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொள்ளேகால், ஹனூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். ஆண்கள் கன்னடத்தில் சமாளித்துவிடுவார்கள், உடம்பைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் மட்டும் தமிழுக்குத் தாவுவார்கள். உடனே நர்ஸ் என்னைக் கூப்பிடுவாள். உண்மையில் என் தமிழ் அப்படி ஒன்றும் பெரிய தமிழ் இல்லை. நான் படித்தது கன்னட மீடியம். தமிழில் எழுதவோ படிக்கவோ தெரியாது. அம்மாவிடம் சோறு கேட்கவும் அக்காவுடன் சண்டை போடவும் போதுமான தமிழ். அதற்குள் கன்னடமும் இங்கிலீஷும் கலந்துகிடக்கும்.

அந்தத் தம்பதி ராமாபுரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்தார்கள். அதிகாலையில் கிளம்பி, கொள்ளேகாலில் பஸ் மாறி, பத்து மணிக்கு எங்கள் பெஞ்சில் இருந்தார்கள். அவருக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று இருக்கும். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், வாழை போட்டிருந்தார். சில மாதங்களில் லோடு ஏற்றிக்கொண்டு தேவராஜ மார்க்கெட்டுக்கு வருவாராம். அந்த அம்மாள் என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். கல்யாணமாகி ஆறு வருடம். அவர் கையிலும் ஒரு ஃபைல் இருந்தது. புரட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. மாதாமாதம் முட்டை உருவாகிறது, குழாயில் அடைப்பு இல்லை. ஆறு வருடமாக மூன்று ஆஸ்பத்திரிகள் இதையே திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருந்தன.

"அண்ணா, உங்களுக்கு டெஸ்ட் பண்ணியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குங்களா?" என்றார். "எனக்கு ஒண்ணுமில்லைங்களே."

அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பண்ணிருங்க. தை மாசத்துக்குள்ள தெரிஞ்சா நல்லதுங்க. இவரோட அண்ணன் இன்னொரு பொண்ணு பாத்து வெச்சிருக்காரு."

ஊரில் பஞ்சாயத்துக்காரர் வருகிறார் என்று சொல்வது போல, அத்தனை சாதாரணமாகச் சொன்னார். கணவர் எழுந்தார். பாட்டிலை வாங்கிக்கொண்டு வராந்தாக் கோடிக்குப் போனார்.

அரை மணி நேரம் கழித்து, கெட்டியாக இருந்த விந்து இளகியபின், ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். சாதாரணமாக அங்கே ஒரு திருவிழாக் கூட்டமே இருக்கும். இவருடையதில் எதுவுமில்லை. ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். மிச்சத்தை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி அடியில் படிந்ததையும் பார்த்தேன். சில வெள்ளை அணுக்கள், உதிர்ந்த செல்கள், அவ்வளவுதான். ஒரு பரிசோதனையை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்பதால் மூன்று வாரம் கழித்து மறுபடி வரச்சொன்னோம். வந்தார்கள். அன்றும் அதேதான்.

பிரிவின் தலைவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கன்னடத்தில் சொன்னார்: "உங்க பாஷையில நீயே சொல்லிடு. அப்படியே பயாப்ஸிக்கும் கேட்டுப் பார். உன் தீஸிஸுக்கு ஆகும்."

எனக்குக் கேஸ்கள் குறைவாக இருந்தன. வருடம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நினைப்போடுதான் நான் வெளியே வந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அவர் மட்டும் வராந்தாவில் தூணோரம் நின்றிருந்தார். பெஞ்சு முழுக்கப் பெண்கள். தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போக அறை இல்லாமல் இல்லை. எதிரிலேயே ஸ்டோர் ரூம் இருந்தது. ஆனால் நான் பேசப்போவது தமிழ், இங்கே யாருக்கு அது புரியப்போகிறது என்று நினைத்தேன்; வருகிறவர்களிலேயே தமிழர் பலர் என்பது அந்த அவசரத்தில் நினைவில் இல்லை. மைசூரில் தமிழில் பேசினால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது போல என்று வளர்ந்தவள் நான். பஸ்ஸில், கடையில், நானும் அக்காவும் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

"அண்ணா, ரிப்போர்ட் வந்துச்சு. ரெண்டு வாட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"என்னங்க இருக்குது?"

இங்கிலீஷ் பெயரைச் சொல்லிப் பயனில்லை. கன்னடத்தில் வீர்யாணு என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். தமிழில் அதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. தேடினேன், அகப்படவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"உங்களுதுல உயிரு இல்லைண்ணா. ஒண்ணுகூட இல்லை."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"உயிரே இல்லீங்களா?"

"இல்லை."

"அவளுக்கு?"

"அக்காவுக்கு எல்லாம் சரியா இருக்கு. முதல்ல இருந்தே சரியாத்தான் இருக்கு."

தலையாட்டினார். நான் விடாமல் பயாப்ஸி பற்றிச் சொன்னேன். சின்ன ஆபரேஷன், மரத்துப்போக ஊசி போடுவோம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றெல்லாம். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார். மனைவி பாட்டிலில் தண்ணீரோடு வந்தார். இருவரும் படியிறங்கிப் போனார்கள். கஷ்டமான வேலை ஒன்று சுருக்கமாக முடிந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை அந்த அம்மாள் மட்டும் வந்தார். பிரிவில் என்னைக் காணாமல் விசாரித்துக்கொண்டு உடற்கூறியல் துறைக்கே வந்துவிட்டார். ஃபார்மலின் நெடியில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு என் மேஜை முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அன்னைக்கு அவருகிட்ட என்னங்க சொன்னீங்க?"

சொன்னேன். அதே வார்த்தைகளில் சொன்னேன். சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்குக் கேட்டது.

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் கணவர் இவரைக் கொள்ளேகால் பஸ்ஸில் ஏற்றி உட்காரவைத்திருக்கிறார். மண்டிக்காரரைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று இறங்கியவர் வரவே இல்லை. ரிப்போர்ட் பற்றி மனைவியிடம் எதுவும் சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் ஊருக்குள் செய்தி வந்துவிட்டது. எங்கள் பெஞ்சில் மகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிக்குப் பக்கத்து ஊர். தமிழ்க்காரி. நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறார்.

"அவருக்குள்ள உசிரில்லைன்னு மைசூர் டாக்டரம்மா சொல்லிருச்சாம். ஊரே பேசுதுங்க. அவரோட அண்ணன், எங்க மச்சாண்டாரு, எங்கிட்ட வந்து, ரெண்டாங் கல்யாணத்தைத் தடுக்க நீதான் இப்படிச் சொல்ல வெச்சியான்னு கேக்கறாரு."

கையிலிருந்த ஸ்லைடை மேஜையில் வைத்தேன். "நான் உண்மையைத்தான்க்கா சொன்னேன்" என்றேன்.

"உண்மைதாங்க." அவர் குரல் உயரவே இல்லை. "குறை எனக்குன்னு சொல்லியிருக்கலாமுங்க நீங்க. ஆறு வருசமாக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிருச்சு. அவரு ஒரு நாள்கூடக் கேட்டதில்லை."

"அப்படிச் சொன்னா ரெண்டாவது கல்யாணம் பண்ணி வெச்சிருப்பாங்கல்ல?"

"பண்ணட்டுமுங்க. அவளுக்கும் ஆகலைன்னா அவரே தனியா வந்து காட்டியிருப்பாரு. அவருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும். ஊருக்குத் தெரிஞ்சிருக்காது."

இன்றுவரை அந்தக் கணக்கை நான் முழுதாக ஏற்றுக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. அவர் தன்னை அழித்துக்கொண்டு பேசுகிறார் என்று அன்றைக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அவருடைய வீட்டை என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கணவர் எங்கே இருப்பார் என்று அவருக்கு ஓர் ஊகம் இருந்தது. தேவராஜ மார்க்கெட்டில் அவர் வழக்கமாக லோடு இறக்கும் வாழைக்காய் மண்டி. "நான் போய் நின்னா இன்னும் தூரமாப் போயிருவாருங்க. நீங்க சொன்னதுதானே. நீங்களே போய்ப் பாருங்க" என்றார். சொல்லிவிட்டு மதிய பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

நான் துறையில் யாரிடமும் சொல்லவில்லை. நோயாளியைத் தேடிக்கொண்டு டாக்டர் மார்க்கெட்டுக்குப் போவது வழக்கமில்லை. மறுநாள் காலை வகுப்பு முடிந்ததும் ஆட்டோ பிடித்தேன். தேவராஜ மார்க்கெட்டில் நான் கறிவேப்பிலையும் பூவும் வாங்கியிருக்கிறேனே தவிர, வாழைத்தார்கள் இறங்கும் பக்கம் போனதில்லை. தரையெல்லாம் சருகும் வழுக்கலும். லாரியின் பின்பலகையை இறக்கிவிட்டுத் தார் தாராகக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு போகிறவர்களில் அவர் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. தோளில் மடித்துப் போட்ட துண்டு. சொந்த வாழைத் தோட்டம் வைத்திருப்பவர், அடுத்தவர் தாரைச் சுமந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நிற்கவில்லை. நானும் ஓரமாக நின்றேன். லாரி காலியாகும்வரை சுமந்துவிட்டு, குழாயில் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"இங்க பேசலாமாண்ணா? இல்லை தனியா எங்கயாவது போகலாமா?" என்றேன்.

"இனி எங்க பேசினா என்னங்க" என்றார்.

தார் அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் ஆளில்லாத இடத்தில் நின்றோம். தப்பு என்னுடையது என்றேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் சொல்லியிருக்கக்கூடாது. சொன்ன வார்த்தையும் தப்பு. "எனக்குத் தமிழ்ல சரியான வார்த்தை தெரியலைண்ணா. உயிருன்னு சொல்லியிருக்கக்கூடாது."

"வேற வார்த்தை போட்டா விசயம் மாறிருங்களா?"

"மாறாது."

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வாரம் எனக்கு என் உடம்பைத் தொடவே புடிக்கலைங்க. குளிக்கறப்பகூட. செத்ததைச் சுமந்துட்டு நடக்கற மாதிரி இருந்துச்சு. தாரு சுமந்தா அது கொஞ்சம் மறந்துபோகுது. அதான் இங்கயே இருக்கறேன்."

அவர் உடம்பில் எதுவும் சாகவில்லை என்று சொன்னேன். விந்தில் அணுக்கள் வெளியே வரவில்லை என்பதுதான் தெரியும், உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது, வழி அடைபட்டிருக்கலாம், அல்லது உருவாவதிலேயே ஏதோ தடை இருக்கலாம், பயாப்ஸி செய்தால் தெரியும் என்றேன். பிறகு, வராந்தாவில் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

"அதனால உங்களுக்குப் பிரயோஜனம் இல்லாமலும் போகலாம்ண்ணா. தெரிஞ்சுக்கலாம், அவ்வளவுதான். எனக்குப் பிரயோஜனம் இருக்கு. என் படிப்புக்கு இது வேணும். அதுக்காகத்தான் அன்னைக்கு அவசரப்பட்டு உங்ககிட்ட கேட்டேன். நீங்க பேடான்னு சொன்னா நான் மறுபடி கேக்க மாட்டேன்."

பேடா என்பது கன்னடம். வேண்டாம் என்ற சொல்கூட எனக்குச் சமயத்தில் வரவில்லை. அவர் முதல்முறையாக லேசாகச் சிரித்தார். இன்னொரு லாரி வந்தது, போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை வந்தார். தாடியை எடுத்திருந்தார். "தெரிஞ்சுக்கறனுங்க" என்று மட்டும் சொன்னார்.

சர்ஜன் இரண்டு பக்கமும் அரிசி மணி அளவுக்குச் சதை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் நிறத் திரவத்தில் போட்டு எடுத்துப் போனேன். அது கையில் பட்டால் நாலு நாளைக்குப் போகாது, அம்மா என் விரல்களைப் பார்த்து மஞ்சள் அரைத்தாயா என்பாள். மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடு தயாராக ஒரு வாரம் ஆனது. முதலில் நான் தனியாகப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருந்தது. குழாய்களின் சுவரை ஒட்டித் தாய் செல்கள், அடுத்து அவை பிரிந்து வளர்ந்தவை, பெரிய உட்கருவும் அதற்குள் நூல் நூலாகச் சுருண்ட குரோமோசோம்களுமாக. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு குழாயிலும், எல்லாச் செல்களும் அந்த ஒரே படியில் நின்றிருந்தன. இத்தனை தெளிவான கேஸ் என் ஆய்வில் அதுவரை கிடைத்ததில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட எழுந்தவள், கதவு வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரை எங்கள் துறைக்கே வரச்சொன்னேன். அறைக் கதவைச் சாத்தினேன். மாணவர்களுக்குக் காட்டுகிற மைக்ராஸ்கோப் ஒன்று உண்டு. கண்வைக்கிற வில்லைக்குள் ஒரு முடியை ஒட்டியிருப்போம், அதுதான் சுட்டுவிரல். அதில் அவர் ஸ்லைடை வைத்து, அவரை உட்காரவைத்தேன். முதலில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. இமைமுடிதான் தெரிகிறது என்றார். தலையைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னேன்.

"வட்டம் வட்டமாத் தெரியுதுங்க."

"ஒவ்வொரு வட்டமும் ஒரு குழாய். குறுக்கா வெட்டினது. வாழைத்தண்டைக் குறுக்கா வெட்டினா எப்படித் தெரியும், அப்படி. ஓரத்துல சுவரை ஒட்டி வரிசையா இருக்கா?"

"இருக்குதுங்க. நீலமா."

"அதுதான் ஆரம்பம். அது ரெண்டாகும், வளரும், உள்பக்கமா நகரும். முடி மாதிரி ஒரு கோடு தெரியுதா, அதோட நுனியில இருக்கறதைப் பாருங்க. அது அடுத்த படி. உங்களுது இதுவரைக்கும் வந்திருக்கு. இதுக்கப்புறம் போகலை."

"ஏனுங்க?"

"தெரியாதுண்ணா. எனக்கு மட்டும் இல்லை, யாருக்கும் சரியாத் தெரியாது. அதைத்தான் படிச்சுட்டிருக்கேன்."

"மருந்து?"

"இல்லை."

அவர் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இதுகளுக்கு உசிரு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. வெட்டி எடுக்கற வரைக்கும் இருந்துச்சு. உங்க உடம்புல இருக்கறதுக்கு இப்பவும் இருக்கு. புதுசு புதுசா ஆரம்பிச்சுட்டேதான் இருக்கு. வந்து அந்த இடத்துல நின்னுடுது."

அதன் பிறகு அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திருகை எப்படித் திருப்பினால் தெளியும் என்று காட்டிக் கொடுத்தேன், அவரே திருகிக்கொண்டு பார்த்தார். ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எழுந்தபோது, "இதைக் கன்னடத்துல எழுதிக் குடுங்க. குறை எனக்குத்தான், அவளுக்கு இல்லைன்னு. எங்க அண்ணனுக்குக் காட்டணும்" என்றார். யாருக்குக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம் என்று சொல்லி, மடித்து அவர் கையில் மட்டும் கொடுத்தேன். அன்று மாலை பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவர் அண்ணன் காகிதத்தைப் படித்த இரண்டாம் நாள் பெண் வீட்டாருக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நான் அவர்களை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்து, மிச்சம் இருக்கிற வழிகளைச் சொன்னேன். வேறொருவரின் விந்தணுவைக் கொண்டு முயல்வது, அல்லது ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது. முதலாவதற்கு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமலே தலையசைத்து மறுத்தார்கள். இரண்டாவதை யோசிக்கிறோம் என்றார்கள். பிறகுதான் அந்த அம்மாள் அழுதார். என் முன்னால் அவர் அழுதது அந்த ஒரு முறைதான்.

"இத்தனை வருசமும் எனக்குன்னு ஏதாவது வைத்தியம் இருந்துச்சுங்க. இந்த மாசம் இந்த மாத்திரை, அடுத்த மாசம் அந்த ஊசின்னு. இப்ப அதுவும் இல்லை."

கணவர் அவர் முதுகில் கை வைத்தார். என் எதிரில் அப்படிச் செய்ததற்குக் கூச்சப்பட்டு, உடனே எடுத்தும் விட்டார்.

என் தீஸிஸில் அவர் ஓர் எண். ஒரு படமும் இரண்டு பாராவும் அவருடையவை. தேர்வாளர்களாக வந்தவர்கள் அந்தப் படத்தைப் பாராட்டினார்கள். நான் தேறி, அதே துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முதல் வருட மாணவர்களுக்கு எலும்பும் நரம்பும் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் நாலு வருடத்தில் வார்டுக்குப் போய் என்னைப் போலவே வராந்தாவில் நின்று பேசுவார்கள் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

அப்போது ஒரு சின்ன வேலை தொடங்கினேன். வெளிநோயாளிப் பிரிவில் பயிற்சி டாக்டர் ஒருவர் நோயாளியிடம் முடிவைச் சொல்வார். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வோம். பத்து நிமிடம் கழித்து, நோயாளியின் சம்மதத்தோடு, இன்னொருவர் தனியறையில் அவர் பாஷையிலேயே கேட்பார்: டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்? அதையும் எழுதிக்கொள்வோம். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல சமயம் அவை வெவ்வேறு நோயாளிகளைப் பற்றியவை போல இருக்கும். காசநோய் டெஸ்ட் நெகட்டிவ் என்று சொல்லப்பட்ட ஒருவர், நெகட்டிவ் என்றால் கெட்டது என்று நினைத்து மகளின் கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கருப்பை சிறியதாக இருக்கிறது என்று சொல்லப்பட்ட பெண், தான் இன்னும் வயதுக்கு வந்ததாகவே கணக்கில்லை என்று புரிந்துகொண்டிருந்தார். சொன்ன டாக்டர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவசரத்தில் இருந்தார்கள்.

கல்லூரிக் கூட்டத்தில் இதைப் படித்தபோது முன்வரிசையில் ஒரு மூத்தவர், "இதில் உடற்கூறியல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. இதை ஆய்வு என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, எந்தப் பத்திரிகையும் போடவில்லை. ஆனால் பிரிவின் தலைவர், என்னை வராந்தாவுக்கு அனுப்பினாரே அவர், ஸ்டோர் ரூமைக் காலி செய்து இரண்டு நாற்காலி போடச் சொன்னார். கழிப்பறைக் கதவுக்கும் தாழ்ப்பாள் வந்தது. அடுத்த வருடத்திலிருந்து என் வகுப்பில், ஒரு மாணவர் நோயாளியாக உட்கார, இன்னொருவர் அவர் தாய்மொழியில் முடிவைச் சொல்லிப் பழகும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டேன். முதலில் விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். சொந்த பாஷையில் சொல் கிடைக்காமல் திணறும்போது சிரிப்பு அடங்கிவிடும்.

தமிழ் எழுதப் படிக்க நான் கற்றுக்கொண்டதும் அந்த வருடங்களில்தான். ஒரு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் படித்தேன். விந்தணு என்ற சொல் இருப்பதையே அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் முதலில் வந்து பத்து வருடம் ஆகிற சமயத்தில் அந்த அம்மாள் பித்தப்பைக் கல்லுக்காக எங்கள் மருத்துவமனையில் சேர்ந்தார். வார்டிலிருந்து ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தார். தத்தெடுக்க இரண்டு முறை விசாரித்து, பிறகு விட்டுவிட்டார்களாம். அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டால் இவர்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். கணவர் வாழையோடு மஞ்சளும் போட்டிருக்கிறார். ஊரில் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை.

"அண்ணா எப்படி இருக்காரு?" என்றேன்.

"நல்லா இருக்காருங்க. உங்களைப் பத்திச் சொல்லுவாரு. அந்த பெஞ்சுக்காரியை மட்டும் இன்னும் மன்னிக்கலை, வழியில பாத்தா முகத்தைத் திருப்பிக்குவாரு." சொல்லிவிட்டுப் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "சில நாளு சாயங்காலம் தோட்டத்துலயே பேசாம உக்காந்திருப்பாருங்க. நான் போயி எதுவும் கேக்கறதில்லை. காப்பி கொண்டுபோய் வெச்சுட்டு, பக்கத்துல உக்காந்துக்குவேன்."

டியூட்டி டாக்டர் வந்தார். என் மாணவியாக இருந்த பெண். அறுவைக்கு முன்பான விவரங்களைச் சொல்ல வேண்டும் என்று கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். நான் எழுந்து வெளியே வந்து, வார்டின் கதவைச் சாத்தினேன்.